மூன்று தட்டு, ஒரு பீடி

எங்கள் யார்டில் எதை அறுப்பதானாலும், அது பஸ்ஸோ டேங்கர் லாரியோ பாய்லரோ, முதலில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி, உள்ளே யாராச்சும் இருக்கீங்களா என்று ஒரு குரல் கொடுத்து, ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் நின்று, பதில் வராவிட்டால்தான் மெஷினைத் தொடுவோம், வந்தால் தொட மாட்டோம். ஓர் ஓட்டை பஸ்ஸை அறுக்கப்போய் பின்சீட்டுக்கு அடியில் குட்டி போட்டிருந்த நாயைப் பார்க்காமல் விட்டதிலிருந்து முதலாளி சிக்கந்தர் பாய் போட்ட சட்டம் அது, அதற்கப்புறம் பூனை கத்தியிருக்கிறது, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து படுத்த டிரைவர் ஒருவர் எங்கள் பரம்பரையையே திட்டியிருக்கிறார், ஆனால் அந்த ஆகாய விமானத்தைத் தட்டியபோது ‘இருக்கோம்’ என்று பதில் வந்தது, என் குரலில் வந்தது.

தட்டியதும் நான்தான். என் வாயில் பீடி இருந்தது, வாய் அசையவில்லை. கூட வேலை பார்க்கும் மொக்கராசு என்னைப் பார்த்தான், விமானத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான், மெஷின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். சட்டம் சட்டம்தான்.

விமானம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில், பெரிய சக்கரங்கள் வைத்த டிரெயிலரில், இறக்கையும் வாலும் வெட்டப்பட்டு, உடம்பு மட்டும் ஒரு நீளமான வெள்ளைச் சுரைக்காய் மாதிரி வந்து இறங்கியது. பாய் சொன்னார், இப்போது ஆசியா முழுக்கக் கம்பெனிக்காரர்கள் நூறு நூறாகப் புது விமானத்துக்கு ஆர்டர் எழுதிக் கொடுக்கிறார்களாம், பஸ்ஸுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்த சனங்கள் எல்லாம் இப்போது போனைத் தடவி பாங்காக்குக்கும் கொழும்புக்கும் டிக்கெட் போடுகிறார்களாம், பழசு எண்ணெயை அதிகம் குடிக்கிறதாம், அதனால் கழித்துக் கட்டுகிறார்களாம். பொய்யில்லை. எங்கள் ஊர்க் காய்கறிக் கடைக்காரர் மகன் வியட்நாமுக்குப் போய் மூன்று நாள் இருந்து படகில் உட்கார்ந்து படம் எடுத்து வந்தான், எதற்குப் போனாய் என்று கேட்டால் சும்மா என்கிறான். சும்மா. நான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன காலத்தில் விமானத்தில் சும்மா ஏறியவன் ஒருத்தன் கிடையாது, அழுதவன்தான் ஏறினான்.

ஏணி போட்டு உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றைத் தவிர அத்தனை சீட்டிலும் ஆள். ஒரே பயணத்து ஆட்கள் இல்லை, ஒரே வருஷத்து ஆட்களும் இல்லை; இஹ்ராம் துணி கட்டிய ஹஜ் பயணி ஒருவர், கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு கோலாலம்பூர் போகும் பெண் ஒருத்தி, துணிப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், சிங்கப்பூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் திண்டுக்கல் பையன் ஒருத்தன் என்று, அந்த விமானம் பறந்த காலம் முழுக்க ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து எழுந்துபோன எத்தனையோ பேரில் யாரோ ஒருவரை மட்டும் அந்தச் சீட்டு வைத்துக்கொண்டது போலிருந்தது, ஏன் அவரை வைத்துக்கொண்டது, ஏன் இவரை விட்டது என்பது கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. பின்பக்கம் ஒரு வரிசையில் நடுச்சீட்டில், இருபத்தாறு வயதில், டெரிகாட்டன் சட்டை போட்டு, மடியில் ரெக்சின் பையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பம்பாயிலிருந்து மஸ்கட் போய்க்கொண்டிருந்தேன். மீசை இருந்தது.

“இறங்குங்கப்பா, யார்டுக்கு வந்தாச்சு” என்று மொக்கராசு பொதுவாகச் சொன்னான். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முன்வாசலில் செம்மஞ்சள் சேலை கட்டி நின்ற ஏர்ஹோஸ்டஸ் பெண் கைகூப்பி, பெல்ட் விளக்கு இன்னும் எரிகிறது, அணையும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னாள். விளக்குக்குப் போகும் ஒயர் அறுந்து தொங்கியது. விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

ஊர் கூடியது. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால், இவர்கள் விருந்தாளிகளா, அகதிகளா, சரக்கா என்று பேச்சு வந்தது, சரக்கு என்றால் பாய்க்குச் சொந்தம், விருந்தாளி என்றால் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும், அகதி என்றால் கலெக்டருக்கு எழுத வேண்டும். மூன்றுக்கும் யாரும் ஒத்துக்கொள்ளாமல், சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது ரோட்டில் நடந்துபோகிற சனங்களுக்கு யார் எவர் என்று கேட்காமல் செய்கிறோமே, அதையே செய்வோம் என்று முடிவானது. யார்டு வாசலில் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் வைத்தார்கள், பெண்கள் ஏணியில் ஏறி இட்லி கொடுத்தார்கள், இப்போதுதான் தட்டில் சாப்பாடு வந்தது என்று பயணிகள் மறுத்தார்கள், சொட்டு மருந்து கொடுக்கும் நர்ஸம்மா வந்து ஒரு கைக்குழந்தைக்கு இரண்டு சொட்டு விட்டு விரலில் மை வைத்துவிட்டுப் போனார். டவுன் பஸ் கண்டக்டர் ‘ஏரோப்பிளான் ஸ்டாப்லாம் முன்னாடி வா’ என்று விசில் ஊதினார். ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. பயணிகள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று, எங்கள் சனமும் ஒரே பதில் சொன்னது, இந்தா வந்துருச்சு என்று. கல்யாண வீட்டில் பந்திக்கும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் நாங்கள் சொல்கிற பதில் அது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே அவர்களுக்கு என்ன தெரிந்ததோ, எங்களுக்கு எங்கள் கரண்டு கம்பம்தான் தெரிந்தது.

அப்புறம் சொந்தக்காரர்களும், உள்ளே இருந்தவர்களே இன்றைய வயசோடும் வர ஆரம்பித்தார்கள். சிலர் ஏணியில் ஏறி, தங்களையே ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். அந்தத் திண்டுக்கல் பையன் இப்போது வயிறு வைத்த ஆளாகி, வளர்ந்த மகனோடு காரில் வந்தார், உள்ளே போய்த் தன்னையே கையைப் பிடித்து எழுப்பி, வந்துருச்சுப்பா இறங்கு என்றார், இரண்டு பேரும் தோளோடு தோள் நடந்து வந்தார்கள், கேட்டைத் தாண்டும்போது ஒரே ஆள்தான் இருந்தார், ஆனால் எந்த ஆள் என்பதில்தான் குழப்பம். மகனைப் பார்த்து, “நீங்க யாரு தம்பி, கம்பெனி கார் அனுப்பிச்சாங்களா?” என்றார். மகன் முகம் வெளுத்து நிற்கும்போதே, “ஏன்டா வண்டிய எடுக்காம நிக்கிறே?” என்று அதட்டினார். அப்புறம் போன் செய்து விசாரித்ததில், சில நாள் அப்பாவாக இருக்கிறார், சில நாள் கல்யாணமே ஆகாத பையனாக இருந்துகொண்டு அம்மாவைப் பார்த்துக் கூச்சப்படுகிறார் என்று மகன் சொன்னானாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உள்ளே ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. எனக்கு ஒரே மகள், தேன்மொழி, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். நடுச்சீட்டில் இருக்கும் அந்த இருபத்தாறு வயதுக்காரனை நான் கையைப் பிடித்து இறக்கி, கேட்டைத் தாண்டி, அவள் போன் செய்யும்போது, யாரும்மா நீ என்று நான் கேட்டுவிட்டால்? அதனால் இறக்கவில்லை. இறக்காததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம். முதல் நாள் மற்றப் பெண்களோடு இட்லி கொண்டுபோனவள், மறுநாள் தனியாகப் போனாள், அதற்கடுத்த நாள் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு போனாள். அவன் பக்கத்தில் ஜன்னலோரச் சீட்டு காலி. அந்த ஒரு சீட்டு மட்டும் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டை எனக்கு எடுத்து வைத்துவிட்டுப் போய் அங்கே உட்கார்ந்துகொள்வாள், பொழுது சாயும்போது வருவாள். யார்டில் இதை வைத்து என்னை ஓட்டாத ஆளில்லை. “அண்ணே, மதினிய ஒரு எளவட்டம் பேசி மயக்கிட்டான்போல, போலீஸ்ல சொல்லுவமா?” என்று மொக்கராசு கேட்டான். யார் பேரில் புகார் எழுதுவது என்று எனக்கே விளங்கவில்லை. அவன் கட்டிய பெண்டாட்டியோடுதான் அவன் பேசிக்கொண்டிருக்கிறான். நான் கட்டிய பெண்டாட்டியோடும்தான்.

ஒருநாள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன், அவனோடு அப்படி என்னதான் பேச்சு என்று.

“அவரு பேசுறாரு,” என்றாள். “நான் கேக்குறேன்.”

அவ்வளவுதான் முதலில் சொன்னாள். அப்புறம் குழம்பை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மிச்சத்தைச் சொன்னாள். அவள் யாரென்று அவனிடம் சொல்லவில்லையாம். பக்கத்து ஊர் என்று மட்டும் சொல்லியிருக்கிறாளாம். அவன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறானாம், கல்யாணமாகி மாசம் திரும்பவில்லை அக்கா, அதுக்குள்ள கிளம்பிட்டேன் என்கிறானாம், என் பெண்டாட்டி, அது சிரித்தால் ஒரு பக்கம் குழி விழும் அக்கா என்கிறானாம், அது கத்தரிக்காய்க்கு உப்புப் போட மறந்துட்டு என் மூஞ்சியையே பார்த்துச்சு, நான் நல்லாருக்குன்னு முழுங்கிட்டேன் என்கிறானாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, நான் இரண்டு வருஷத்துக்கொரு தடவை வந்தேன், பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தேன், வீடு கட்டினேன், மகளைப் பெற்றேன், ஒரு நாளும் அவளைப் பற்றி அவளிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை பேசியவன் இல்லை. எனக்கு வராது. வீட்டில் சாப்பாடு, தண்ணி, சரி, நாளைக்கு, இவ்வளவு போதும் எனக்கு.

“ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு,” என்றாள். “மேலூர் பஸ் ஸ்டாண்டுல, பஸ் கிளம்புறப்ப, அதுகிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன், அண்ணன் நின்னாரு, கூட்டமா இருந்துச்சு, சொல்லலைன்னாரு. என்னன்னு கேட்டா, திரும்பி வந்து அதுகிட்டயே சொல்லிக்கிறேன்னு சிரிக்கிறாரு.” கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க சொல்லலையே. என்ன அது?”

யோசித்தேன். பஸ் ஸ்டாண்டு ஞாபகம் இருந்தது, டீசல் புகை ஞாபகம் இருந்தது, அண்ணனின் வெள்ளைச் சட்டை ஞாபகம் இருந்தது. சொல்ல வந்தது ஞாபகம் இல்லை. சொல்ல வந்தேன் என்பதே ஞாபகம் இல்லை.

“தெரியலை,” என்றேன்.

“அதான் போறேன்,” என்றாள்.

இப்படியே கொஞ்ச காலம் ஓடியது. பாய் பொறுமைசாலி, ஆனால் இன்னும் மூன்று விமான உடம்புகள் ரோட்டில் வந்துகொண்டிருந்தன, நிறுத்த இடமில்லை. அவர் சத்தம் போடவில்லை. “சேவுகா, வர்றதுக்குள்ள எதாவது பாத்து முடிவு பண்ணு” என்று என் தோளில் கை வைத்தார். அன்று ஊர்ச் சனமே ஒரு வேலை செய்தது. சொந்தக்காரர் வராத, வந்தும் கூட்டிப்போகாத பயணிகளை, ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று கையைப் பிடித்து, வந்துருச்சு வந்துருச்சு இறங்குங்க என்று சொல்லி எழுப்பினார்கள். நெடுநாள் ‘இந்தா’வையே கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சனம் ‘வந்துருச்சு’ என்றதும் தலைக்கு மேல் விளக்கைப் பார்க்க, ஒவ்வொரு சீட்டின் விளக்காக அணைந்தது. அவர்களைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றி, அழகருக்குப் போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பது போலப் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். கொட்டாம்பட்டி தாண்டிப் பார்த்தால் சீட்டெல்லாம் காலி, புளிசாதப் பொட்டலம் மட்டும் பிரித்துச் சாப்பிட்டுக் கிடந்தது என்று கண்டக்டர் வந்து சொன்னார். போகட்டும், சாப்பிட்டார்களே என்றார்கள் பெண்கள்.

கடைசியில் அவன் தலைக்கு மேல் ஒரே விளக்கு எரிந்தது, அவனை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். அந்த ஏர்ஹோஸ்டஸ் பெண்ணும் நின்றுகொண்டே இருந்தாள், கடைசிப் பயணி இறங்காமல் நான் இறங்கக் கூடாது அண்ணா என்றாள். அந்தப் பிள்ளைக்கும் கால் வலிக்காதா. மறுநாள் மத்தியானம் சட்டையை மாற்றிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

பஞ்சவர்ணம் ஜன்னலோரம் இருந்தாள். அவன் நடுவில் இருந்தான். ஓரச் சீட்டில் நான் உட்கார்ந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்; அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. அவளை விட எனக்கு ஐந்து வயதுதான் அதிகம், அவளை அக்கா என்றவன் என்னைப் பெரியவரே என்றான்.

“பெரியவரே, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?”

இந்தா வந்துருச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. “எங்க போறே?” என்றேன்.

“மஸ்கட்டுக்கு. ரெண்டே வருசம். போனதும் தெரியாது வந்ததும் தெரியாதுன்னு அண்ணன் சொன்னாரு. நீங்க முன்னாடி போயிருக்கீங்களா? வெயிலு ரொம்பவா?”

“பழகிரும்.”

“எத்தனை வருசம் இருந்தீங்க?”

“ரெண்டு வருசம்னுதான் போனேன்.”

அவன் சிரித்தான், நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பையில் ஒரு மிட்டாய் இருந்தது, விமானம் கிளம்பும்போது தட்டில் வைத்து நீட்டுவார்களே, அந்தக் காகிதம் சுற்றிய மிட்டாய். அதை அவன் தின்னாமல் வைத்திருந்தான். ரெண்டு வருஷம் கழித்துப் பெண்டாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அது உருகிப் போகும் என்பதும் தெரியும்.

“மேலூர் பஸ் ஸ்டாண்டுல உன் பொண்டாட்டிகிட்ட என்னமோ சொல்ல வந்தியாமே,” என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான். அக்கா சொல்லிட்டீங்களா என்று கூச்சப்பட்டான். “அது ஒண்ணுமில்ல பெரியவரே. வந்து சொல்லிக்குவேன்.”

“சொல்ல மாட்டே.”

“ஏன் அப்படிச் சொல்றீங்க?”

“வந்தா வீடு முழுக்கக் கூட்டமா இருக்கும். அடுத்த தடவைம்பே. அடுத்த தடவை வேற ஜோலி இருக்கும். அப்புறம் சொல்ல வந்ததே மறந்துரும். இப்பச் சொல்லு.”

நான் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு பஞ்சவர்ணம் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். அவன் முன்சீட்டின் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், எங்கள் இருவருக்கும் இல்லாமல் அந்தச் சீட்டுக்குச் சொல்வது போலச் சொன்னான்.

“நான் போகட்டுமான்னு அதுகிட்டக் கேக்கணும்னு நெனச்சேன். எல்லாரும் போ போன்னாங்க. அத மட்டும் யாரும் கேக்கல. நானும் கேக்கல. அது வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, பைய எடுத்துக்கிட்டு எறங்கி வீட்டுக்கே திரும்பிருவேன்.”

அவள் வேணாம் என்றால் அவன் இறங்கிவிடுவான். அவன் இறங்கிவிட்டால் மஸ்கட் எங்கே போகும், நான் கட்டிய வீடு எங்கே போகும், தேன்மொழி எங்கே போவாள், இந்த ஓரச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் எங்கே போவேன், ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு அது விளங்கியது என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வேணாம் என்று சொல்ல அவளுக்கு ஆசை இருந்தது என்பதும் தெரிந்தது. நான் குறுக்கே பேசவில்லை. பேச எனக்குப் பாத்தியதை இல்லை.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள், என் நரைத்த தலையையும் மெஷின் பிடித்துக் காய்த்த கையையும் பார்த்தாள். அப்புறம் அவனிடம் சொன்னாள், அதுவரை நீ நீ என்று பேசிக்கொண்டிருந்தவள் மரியாதையாகச் சொன்னாள்.

“போயிட்டு வாங்க. ரொம்ப நாளாகும். ஆனா வந்துருவீங்க. நான் பாத்துட்டேன்.”

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவள் சிரிக்க முயன்றாள், ஒரு பக்கம் குழி விழுந்தது. சட்டைப் பையிலிருந்து அந்த மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். தலைக்கு மேல் டிங் என்றது. விளக்கு அணைந்தது.

“கொஞ்சம் வழி விடுங்க பெரியவரே” என்று ரெக்சின் பையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான், அவன் முட்டி என் முட்டியில் இடித்தது. வாசலில் அந்தப் பெண் கைகூப்பினாள், அவன் பதிலுக்குக் கூப்பத் தெரியாமல் தலையை ஆட்டினான், அவள் அவன் பின்னாலேயே இறங்கினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணம்தான் ஜன்னலில் பார்த்தாள்.

“கேட்டத் தாண்டிட்டானா?” என்றேன்.

“தாண்டிட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ரோடுதான் இருக்கு.”

என்னை நானே சோதித்துக்கொண்டேன். மகள் பெயர் தேன்மொழி. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை உண்டு. மஸ்கட் வெயில் இருந்தது. எல்லாம் இருந்தது. அதோடு, இத்தனை வருஷம் இல்லாமலிருந்த ஒன்றும் இருந்தது: மேலூர் பஸ் ஸ்டாண்டு, டீசல் புகை, பச்சைச் சேலையில் தலை குனிந்து அவள், என் நாக்கு நுனி வரை வந்து நின்ற அந்தக் கேள்வி.

பஞ்சவர்ணம் காகிதத்தைப் பிரித்து மிட்டாயைப் பாதியாகக் கடித்து, மீதியை என் கையில் கொடுத்தாள். புளிப்பு. எழுந்திருப்பாள் என்று பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. நடுச்சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது வெளியே சுத்தியலால் மூன்று தட்டு விழுந்தது. உள்ளே யாராச்சும் இருக்கீங்களா என்று மொக்கராசுவின் குரல். பீடிப் புகை கதவு வழியாக உள்ளே வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பீடி எவ்வளவு நேரம் எரியும் என்று எனக்குத் தெரியும்.

“இருக்கோம்டா,” என்றேன். “பேசிக்கிட்டிருக்கோம்.”

வெளியே சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் கேட்டான், “இன்னும் எவ்வளவு நேரம்ணே ஆகும்?”

“தெரியலை,” என்றேன். “இப்பத்தான்டா ஏறி உக்காந்திருக்கோம்.”